அனல், நீர், காற்று: ஜெனரேட்டர் ஒன்றேதானா?

மாலினி:
மகளின் அறிவியல் புத்தகத்தில் அனல், அணு, நீர், காற்று என்று தனித்தனிப் படங்கள். எல்லாவற்றிலும் கடைசியில் 'ஜெனரேட்டர்' என்று ஒரே மாதிரி பெட்டி. உள்ளே இருப்பதும் ஒன்றேதானா என்று கேட்கிறாள். யாராவது சொல்லுங்களேன்.

செல்வம்:
ஒன்றேதான். காந்தம் சுற்றினால் பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்சாரம் வரும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்தது. சுற்றிவிடுவது எது என்பதில்தான் வித்தியாசம்.

பழைய ஷிப்ட்காரன்:
அனல் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தவன் நான். தத்துவம் செல்வம் சொன்னதுதான். ஆனால் பெட்டியைத் திறந்தால் ஆளே வேறு.

50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) மின்சாரம் வேண்டும், ரோட்டாரில், அதாவது சுற்றும் காந்தப் பாகத்தில், இரண்டே காந்த துருவம் என்றால் அது நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும். நீராவி தள்ளிச் சுழலும் சக்கரமான டர்பைனுக்கு அந்த வேகம் தோது. அதனால் அனல் நிலைய ரோட்டார் ஒல்லியாக, நீளமாகப் படுத்திருக்கும். தண்ணீர் டர்பைன் நிதானமாகத்தான் ஓடும். 300 சுற்று என்றால் 20 துருவம் வேண்டும். அத்தனையையும் சுற்றிலும் பொருத்த ரோட்டார் அகலமான சக்கரமாகிவிடும், பெரும்பாலும் நின்றபடி சுழலும். பெரிய காற்றாலையின் இறக்கை இன்னும் மெதுவு, 10 முதல் 20 சுற்றுதான். பலவற்றில் கியர்பாக்ஸ் வேகத்தை ஏற்றிக்கொடுக்கும்.

படத்தில் சோலார் பேனல் இருந்தால் அதில் மட்டும் ஜெனரேட்டரை அடித்துவிடச் சொல்லுங்கள். அங்கே சுற்றுவதற்கு எதுவுமே இல்லை.

மாலினி:
நன்றி ஐயா. அவளே அடித்துவிட்டாள்! அடுத்த கேள்வி: ஒருமுறை சுற்ற வைத்துவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றாதா? எதற்கு இவ்வளவு நிலக்கரி?

பழைய ஷிப்ட்காரன்:
நல்ல கேள்வி. லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் விளக்கு, மோட்டார் எதுவும் இல்லாதபோது உராய்வு மாதிரியான சின்னச் செலவுகளை ஈடுகட்டினால் போதும். லோடு ஏறியதும் சுருளில் ஓடும் மின்னோட்டமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி ரோட்டாரைப் பின்னால் இழுக்கும். சாயங்காலம் எல்லாரும் விளக்கு போடும் நேரத்தில் ஹெர்ட்ஸ் காட்டும் மீட்டர் முள் 50-லிருந்து துளி கீழே இறங்கும். உடனே வேகத்தைச் சரிசெய்யும் 'கவர்னர்' என்ற கருவி வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து நீராவியைக் கூட்டும். நீராவி கூடினால் நிலக்கரியும் கூடத்தானே வேண்டும்?

இன்னொன்று, ஜெனரேட்டர் மேல் பழி போடாதீர்கள். பெரிய ஜெனரேட்டர் தன்னிடம் வரும் இயக்க ஆற்றலில் சுமார் 98 சதவீதத்தை மின்சாரமாக்கிவிடும். நிலக்கரி வெப்பத்தில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே, குளிர்விக்கும் தண்ணீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது.

சைக்கிள் டைனமோ கிடைத்தால் மகளையே கையால் சுற்றச் சொல்லுங்கள், பல்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிவிட்டு ஒருமுறை. இழுவை கைக்கே தெரியும்.