புதுப்பிப்பு: கோடியக்கரை போய்விட்டு வந்தேன்

வெளிமானையும் பூநாரையையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஜனவரியில் போங்கள் என்று பலர் சொன்னீர்கள். போனேன், இரண்டையும் பார்த்தேன். நன்றி.

கோடியக்கரை சின்ன மீனவ ஊர். தங்குவதற்கு வேதாரண்யமே வசதி. 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் ஊரை ஒட்டியே இருக்கிறது. விடிந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் புல்வெளியில் வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. கிடாக்கள் கறுப்பாக, முறுக்கிய கொம்போடு தனியாகத் தெரியும். காட்டுக்குதிரைகளும் உண்டு, ஒரு காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு இது. இந்த வகைக் காடு நம் கடற்கரையில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. அதற்குள் சீமைக்கருவேலம் பரவிக் கிடப்பதுதான் மனதை உறுத்துகிறது.

பூநாரைகள் இருப்பது சதுப்பு நிலத்தில். தூரத்தில்தான் நிற்கும், பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பிய பிறகு போவதுதான் சரி. வெளிமான் மட்டும் போதும் என்றால் கோடையிலும் போகலாம்.

அப்புறம், ராமர் பாதம் ஏறிப் பாருங்கள். சின்ன மேடுதான், ஆனால் காடு முழுக்கக் கண்ணில் விழும். சோழர் கால கலங்கரை விளக்கத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தீர்கள்: 2004 சுனாமியில் அது இடிந்துவிட்டது.

திரும்பும் வழியில் வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவிடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.