பழைய பைத்தான் ரிவால்வரும் நிக்கல் 29-2ம்: ஆன்லைன் ஏலத்தில் எதுவரை போகலாம்?

கேள்வி

அமெரிக்காவில் நடக்கும் இரண்டு ஆன்லைன் ரிவால்வர் ஏலங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது கோல்ட் பைத்தான். 6 அங்குல பேரல், ராயல் ப்ளூ என்ற நீல மெருகு, 1970களில் தயாரானது, பெட்டியோடு வருகிறது. "98 சதவீதம், ஒரிஜினல் மெருகு" என்று எழுதியிருக்கிறார்கள். ஏல நிறுவனம் 18 சதவீதம் பையர்ஸ் பிரீமியம் (ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டும் கட்டணம்) வாங்குகிறது. இப்போது 2,650 டாலரில் நிற்கிறது.

இரண்டாவது கன்ப்ரோக்கர் என்ற துப்பாக்கி ஏலத் தளத்தில் இருக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29-2. 6½ அங்குலம், நிக்கல் முலாம், வரிசை எண் 'என்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. படங்களில் பளபளவென்று இருக்கிறது. கைப்பிடித் திருகைச் சுற்றி வைர வடிவம் தெரிகிறது. ஹேமர், ட்ரிகர் எல்லாமே ஒரே வெள்ளி நிறம்.

இரண்டுமே சேகரிப்புக்குத்தான். எதை எடுத்தாலும் கைக்கு வந்து சேரும்போது மொத்தம் 3,200 டாலரைத் தாண்டக்கூடாது. உண்மையான மதிப்பை எப்படி முடிவு செய்வது? கடைசி நிமிடத்தில் ஏலம் கேட்டால் மலிவாகக் கிடைக்குமா?

பதில் 1

முதல்ல கணக்கு. பைத்தானில் நீங்க ஏற்கெனவே எல்லையைத் தாண்டிட்டீங்க.

2,650-க்கு 18 சதவீதம் பிரீமியம் சேர்த்தா 3,127. அதுக்கு மேல விற்பனை வரி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், 7 சதவீதம்னு வைங்க. கிரெடிட் கார்டில் கட்டினா பெரும்பாலும் 3 சதவீதம் கூட. ரெண்டும் பிரீமியம் சேர்ந்த தொகை மேலதான் விழும். அப்போ 3,440. காப்பீட்டோட அனுப்ப 60, துப்பாக்கியை உங்க பெயருக்கு மாத்திக் கொடுக்க உங்க டீலர் வாங்கும் கட்டணம் 40. மொத்தம் 3,540 டாலர்.

கணக்கைப் பின்னாலிருந்து போடணும். 3,200-ல அந்த 100-ஐக் கழிச்சா 3,100. அதை 1.18-ஆலயும் 1.10-ஆலயும் வகுத்தா 2,388. அதுதான் நீங்க கேட்கக்கூடிய உச்சம். கார்டு இல்லாம காசோலையிலோ வங்கி வழியாவோ கட்டினா 2,455 வரைக்கும் போகலாம். திரையில தெரியுற எண்ணை விலைன்னு நினைக்கிறதுதான் கூடுதலா கொடுத்து மாட்டிக்கிறதுக்கு முதல் காரணம். பிரீமியம் இருக்கிற ஏலத்தையும் இல்லாத ஏலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுறவங்க நிறைய பேர்.

மதிப்புக்கு: விற்பவர் கேட்கும் விலையைத் திரும்பியே பார்க்காதீங்க. முடிஞ்ச ஏலங்களை மட்டும் எடுங்க, அதுலயும் உண்மையிலேயே ஏலம் விழுந்தவை மட்டும். குறைந்தபட்ச விலை எட்டாம நின்னுபோனது கணக்கில் வராது. பேரல் நீளம், மெருகு, பெட்டி உண்டா இல்லையா, இந்த மூணும் ஒத்துப்போற எட்டுப் பத்து விற்பனையைப் பிடிங்க. மேல இருக்கிற ரெண்டையும் தூக்கிப் போடுங்க. ரெண்டு பேர் பிடிவாதமா மோதிக்கிட்ட ஒரு ராத்திரியோட விலை அது. மீதியில நடுவில் வர்ற எண்தான் உங்க அடிப்படை. பைத்தானில் 2½ அங்குலத்துக்குக் கொடுத்த விலையை 6 அங்குலத்துக்குப் பொருத்தக்கூடாது. 6 அங்குலம் நிறைய வந்திருக்கு.

இன்னொன்னு. கோல்ட் 2020-ல பைத்தானைத் திரும்பக் கொண்டுவந்தது, ஸ்டெயின்லெஸ், அறிவிச்ச விலை 1,499 டாலர். சுடறதுக்கு ஒரு பைத்தான் வேணும்னு நினைக்கிறவங்களுக்கு அது போதும். அதனால தேஞ்சுபோன பழைய பைத்தானுக்குப் பெரிய விலை கொடுக்க எனக்கு மனசு வராது. பழசுக்கு நாம கொடுக்கிற கூடுதல் பணம் முழுக்க அந்த ஒரிஜினல் மெருகுக்காகத்தான். மெருகு போனா அந்தப் பணமும் போச்சு.

பதில் 2

மேலே சொன்ன கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். "98 சதவீதம்" என்பது விற்பவரின் கருத்து. படத்தில் நீங்கள் தேட வேண்டியது மெருகு எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல, அது தொழிற்சாலையில் போட்டதுதானா என்பதை.

மறுமெருகு போடுவதற்கு முன் உலோகத்தைத் தேய்த்துப் பாலிஷ் செய்ய வேண்டும். அந்தத் தேய்ப்பு தடயம் விட்டுவிடும். பேரலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கும். ஃப்ரேமில் இருக்கும் குதிரைச் சின்னத்தின் கால்கள், ஈட்டி போன்ற மெல்லிய கோடுகள் முதலில் மங்கும். திருகுத் துளையின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் கிண்ணம்போல் குழிந்திருக்கும். பக்கத் தகடு ஃப்ரேமோடு சேரும் கோடு நகம் மாட்டும் அளவுக்குத் தெரியும். சிலிண்டர் சுழலும்போது விழும் வளையக் கோடு இயல்பானதுதான், அதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்தக் கோடோ அரிப்புக் குழியோ மெருகுக்கு அடியில் தெரிந்தால் அது பின்னால் போட்ட மெருகு.

கோல்ட் தொழிற்சாலையே திரும்பப் போட்டுக் கொடுத்த மெருகும் உண்டு. அது அழகாக இருக்கும், கண்டுபிடிப்பது கடினம். ஆனாலும் ஒரிஜினல் ஆகாது. மறுமெருகு என்றால் சேகரிப்பு மதிப்பில் பாதி போய்விட்டதாகவே கணக்கிடுவேன்.

கோல்ட் ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வாங்கலாம். அந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த மெருகில், எந்தப் பேரல் நீளத்தில், எந்தத் தேதியில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். நிக்கலில் அனுப்பியது இன்று நீலமாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் கடிதம் அன்றைய நிலையைத்தான் சொல்லும், கையில் இருப்பதன் இன்றைய நிலைக்கு அது சான்று அல்ல. விற்பவரிடம் ஏற்கெனவே கடிதம் இருந்தால் முழுப் பக்கத்தின் படம் கேளுங்கள்.

பெட்டி: ஓரத்து லேபிளில் உள்ள மாடல், பேரல் நீளம், மெருகு, எண் எல்லாம் துப்பாக்கியோடு ஒத்துப்போக வேண்டும். காலிப் பெட்டிகள் தனியாக விற்பனைக்கு வருகின்றன. எண் பொருந்தாத பெட்டிக்குக் காலிப் பெட்டியின் விலைதான்.

கேட்க வேண்டிய படங்கள்: பேரலின் வாய், ஃபோர்சிங் கோன் (சிலிண்டரை ஒட்டிய பேரலின் பின்முனை), சிலிண்டரின் முன்முகம், அதற்கு மேலே ஃப்ரேமின் அடிப்பக்கம், கிரேனை (சிலிண்டரைத் தாங்கி வெளியே விரியும் கையை) திறந்து ஃப்ரேமில் உள்ள எண், எல்லாத் திருகுகளின் தலை, கைப்பிடியைக் கழற்றிய நிலையில் இரு பக்கமும். ஃப்ளாஷ் வேண்டாம், மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் போட்ட படத்தில் ராயல் ப்ளூ எப்போதும் புதிதாகவே தெரியும்.

பைத்தானில் டைமிங்கும், அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டிக்கொள்கிறதா என்பதும், பார்க்க வேண்டும். சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை மெதுவாகப் பின்னிழுத்தால், ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக. ட்ரிகரை முழுக்க அழுத்திப் பிடித்திருக்கும்போது சிலிண்டர் அசையவே கூடாது. ட்ரிகரை விட்டபின் சிறிது ஆடினால் பயப்பட வேண்டாம். பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான வெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து சொல்லச் சொல்லுங்கள். 0.004 முதல் 0.008 அங்குலம் நல்லது, 0.012-ஐத் தாண்டினால் விலகிவிடுங்கள். பழைய பைத்தானின் உள்வேலை தெரிந்த கைகள் குறைவு. ரிப்பேர் என்றால் செலவும் காத்திருப்பும் அதிகம்.

பதில் 3

29-2 பற்றி மட்டும் சொல்றேன். ஹேமரும் ட்ரிகரும் வெள்ளியா இருக்குன்னு நீங்க எழுதின அந்த வரியிலேயே பதில் இருக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிக்கல் துப்பாக்கிகளில் ஹேமருக்கும் ட்ரிகருக்கும் நிக்கல் போட மாட்டாங்க. அது கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பைச் சூடாக்கிக் கடினமாக்குற முறை) பண்ணின, திட்டுத்திட்டான சாம்பல் பழுப்பு நிறமா இருக்கணும். பின்பக்கம் குறிபார்க்கிற முனையும் கருப்பாத்தான் வரும். எல்லாமே ஒரே வெள்ளின்னா வெளியில யாரோ மொத்தமா முலாம் போட்டிருக்காங்க. படத்தோட வெளிச்சத்துல அப்படித் தெரியுதோன்னு ஒரு கிட்டப் படம் கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க.

கைப்பிடியும் அதோட பிறந்தது இல்லை. திருகைச் சுற்றின அந்த வைர வடிவத்தை 1968 வாக்கில் நிறுத்திட்டாங்க. 'என்' எண் தொடங்கினது 1969-ல, அதுக்கு முன்னாடி 'எஸ்'. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்தப் பழைய கைப்பிடி தனியாவே நூற்றுக்கணக்கான டாலர் பெறும். துப்பாக்கியோட மதிப்பில் அதைக் கூட்டாதீங்க, தனியாப் பாருங்க.

29-2 ஓடினது 1961-லிருந்து 1982 வரை. 6½ அங்குலம் 1979-ல 6 ஆச்சு. அதனால 'என்' எண்ணோட 6½ அங்குலம் இருக்கிறது சரிதான், அதுல சந்தேகம் வேண்டாம். பேரல் ஃப்ரேமில் சேருற இடத்துல குறுக்கே ஒரு பின் (சின்ன ஆணி) இருக்கணும், சிலிண்டர் அறைகளின் பின்விளிம்பு உள்வாங்கி இருக்கணும். ரெண்டும் 1982 வரைக்கும் உண்டு. பின் இல்லைன்னா பேரல் மாத்தினது.

எண்ணைப் பத்தி ஒரு எச்சரிக்கை. யோக்கை (கோல்ட்டில் கிரேன்னு சொல்றது) திறந்தா உள்ளே சில எண்கள் இருக்கும். அதுல தொழிற்சாலையில பொருத்தும்போது போட்ட அசெம்ப்ளி எண்ணும் உண்டு. அதையே வரிசை எண்ணுன்னு விளம்பரத்துல போடுறாங்க, அதை வச்சு தயாரான வருஷத்தையும் தப்பாச் சொல்றாங்க. வரிசை எண் கைப்பிடி ஃப்ரேமோட அடியில இருக்கும். பெரிய டார்கெட் கைப்பிடி அதை மூடியிருக்கும், கழற்றித்தான் பார்க்கணும்.

கழற்றும்போது ஃப்ரேமின் பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்க. பழைய ஸ்மித்துகள் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போயிருந்தா அடியில நட்சத்திரக் குறி, நிக்கல் மறுமுலாம்னா 'ஆர்-என்' முத்திரை இருக்கலாம். இருந்தா மறுமுலாம் உறுதி. இல்லாததால ஒரிஜினல்னு ஆகாது.

பதில் 4

கடைசி நிமிடக் கேள்விக்கு: கன்ப்ரோக்கரில் அது வேலை செய்யாது. முடியும் நேரத்தில் யாராவது கேட்டால், தொடர்ந்து 15 நிமிடம் புதிய கேட்பு வராதவரை ஏலம் மூடாது. அந்த 15 நிமிடங்களில்தான் பெரும்பாலானவர்கள் எல்லை மீறுகிறார்கள். 50 டாலர்தானே என்று ஆறு முறை ஏறினால் 300. உச்சத் தொகையைத் தானியங்கிக் கேட்பாக ஒரே தடவை போட்டுவிட்டு விலகுங்கள். 2,400 போன்ற முழு எண் வேண்டாம். உங்கள் உச்சம் 2,388 என்றால் 2,388-ஐயே போடுங்கள். மற்றவர்கள் முழு எண்ணில் நிறுத்துவார்கள்.

ஒரே விற்பவரின் ஏலங்களில் மட்டும் தொடர்ந்து விலையேற்றி, எதையும் வாங்காமல் போகும் ஒரு பயனர் கணக்கு தெரிந்தால் விலகிக்கொள்ளுங்கள். அதே துப்பாக்கி சில வாரங்களில் மறுபடி ஏலத்துக்கு வந்தாலும் அப்படித்தான்.

"உள்ளபடியே" விற்பனையா, பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்ப மூன்று நாள் பார்வைக் காலம் உண்டா என்பதை ஏலம் கேட்பதற்கு முன்பே படியுங்கள். பார்வைக் காலம் இருந்தாலும் துப்பாக்கியைச் சுட்டாலோ பிரித்தாலோ அது பெரும்பாலும் செல்லாது. எல்லாச் சோதனையையும் டீலர் கடையிலேயே, 4473 படிவம் (டீலரிடம் துப்பாக்கி பெறுபவர் நிரப்பும் அரசுப் படிவம்) நிரப்பி உங்கள் பெயருக்கு மாறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மாறியபின் திருப்பி அனுப்புவது பெரும் சிக்கல்.

இப்படிச் சேகரிப்பதைத் தொடரப்போகிறீர்கள் என்றால் க்யூரியோ அண்ட் ரெலிக் உரிமத்தை (பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான அரசு உரிமம்) யோசியுங்கள். வகை 03, மூன்று ஆண்டுக்கு 30 டாலர். தயாராகி 50 ஆண்டு நிறைந்து, ஒரிஜினல் அமைப்பில் இருக்கும் துப்பாக்கி தானாகவே அந்த வகைக்குள் வரும். மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் நேரே உங்கள் முகவரிக்கு வரும், டீலர் கட்டணம் மிச்சம். 1970களின் முற்பகுதியில் செய்த பைத்தானுக்கு இது பொருந்தும், பிற்பகுதியில் செய்ததற்கு அந்த 50 ஆண்டு நிறையும்வரை பொருந்தாது. அதனால் எந்த ஆண்டு என்பதை எண்ணை வைத்து முதலில் உறுதிசெய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

29-2ஐ விட்டுவிடுகிறேன். பைத்தானுக்குப் படங்கள் கேட்டேன். பெட்டி லேபிளில் 4 அங்குலம் என்று இருக்கிறது.

பதில் 2

அப்படியானால் இரண்டில் ஒன்று. பெட்டி வேறொன்றுடையது, அல்லது பேரல் மாற்றப்பட்டது. லேபிளில் உள்ள எண்ணும் ஃப்ரேமில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் பேரல்தான் மாறியிருக்கிறது. அதை 2,388-க்குக்கூடத் தொடாதீர்கள். எண் வேறாக இருந்தால் பெட்டி இல்லாத பைத்தான் என்று விலையைத் திரும்பக் கணக்கிடுங்கள். ஏலம் முடிவதற்குள் கடிதம் கைக்கு வராது, ஃப்ரேம் எண்ணின் படத்தை இன்றே கேளுங்கள்.