ஆடிக்காற்றை நம்பிக் காற்றாடி வைக்கலாமா? சோலாரே போதுமா?

பாலக்கோட்டு மாந்தோப்பு:
தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் எங்கள் தோப்பு. தோட்டத்து வீட்டு மாடியில் சோலார் போட விலை கேட்கப் போனேன். கடைக்காரர், "சோலாரோடு ஒரு சின்னக் காற்றாடியும் வையுங்க, ஆடியில் உங்க பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு போகுமே, ராத்திரியும் கரண்ட் வரும்" என்கிறார். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் வயர்மேன்:
காற்றாடியை மறந்துடுங்க அண்ணா. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். 3 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி நொடிக்கு 6 மீட்டர் காற்றில் சுமார் 270 வாட் தரும். காற்று 3 மீட்டருக்கு இறங்கினால் 35 வாட் வந்தாலே பெரிது. அதுவும் உங்கள் வீட்டைச் சுற்றி மாமரம். மரத்தில் மோதிச் சுழன்று வரும் காற்று கொடியில் கிடக்கும் வேட்டியைத் தூக்கிப் போகும், காற்றாடியை ஒழுங்காகச் சுற்ற விடாது.

சோலார் என்றால் கணக்கு நேர். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 4 யூனிட். 2 கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 480. மத்திய அரசின் சூர்ய கர் என்ற மாடி சோலார் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியமும் உண்டு.

உடுமலைக் காற்று:
நான் அரூர்க்காரன், உடுமலைப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை. மாடிக் காற்றாடி வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை வைத்துக் காற்றையே மட்டம் தட்டுவது சரியில்லை தம்பி. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை இரவு பகல் பார்க்காமல் ஓடும். ஊரெல்லாம் லைட், டிவி, மிக்சி என்று கரண்ட் அதிகம் இழுப்பது மாலை ஆறுக்கு மேல். அப்போது உங்கள் பேனல் என்ன செய்துகொண்டிருக்கும்?

ஓசூர் வயர்மேன்:
தூங்கும். ஆனால் இந்த மாவட்டத்தில் காற்றாலை எங்கே வைப்பீர்கள்?

தொப்பூர்க்காரன்:
எங்கள் கணவாயை மறந்துட்டீங்களே!

உடுமலைக் காற்று:
தொப்பூர் லாரிக்குக் கணவாய், காற்றுக்கு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படி ஒரு வாசல் திறந்திருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் எல்லாம் இதே கதைதான். நமக்கு மேற்கே மைசூர்ப் பீடபூமி. அந்த வாசல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் காற்று இங்கேதான் வீச வேண்டும் என்று யார் சொன்னது? காற்றாலை தெற்கே சுற்றும், மின்சாரம் மின்வாரியக் கம்பி வழியாக வடக்கே வரும். தொழிற்சாலைகள் பல வருடமாக இப்படித்தான் எடுக்கின்றன. நிலத்தையும் பாருங்கள். ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலைந்து ஏக்கர் போய்விடும், அடியில் ஆடு மேய்ப்பதே சிரமம். காற்றாலைக்கு அடித்தளமும் பாதையும் போக மீதி நிலத்தில் கேழ்வரகு போடலாம்.

பர்கூர் சரசு:
பெரிய கணக்கு இருக்கட்டும், வீட்டுக் கணக்கைக் கேளுங்க. எங்கள் மாடியில் 3 கிலோவாட். பக்கத்திலே கிரானைட் பட்டறை. நாலு நாள் துடைக்காமல் விட்டால் பேனல் மேல் மாவு சலித்துக் கொட்டின மாதிரி படிந்துவிடும், யூனிட் இறங்குவது போன் ஆப்பிலேயே தெரியும். போர் தண்ணீரால் கழுவினேன், காய்ந்ததும் உப்புக்கறை கோடு கோடாக நின்றுவிட்டது. இப்போது விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போதே துணியால் துடைக்கிறேன். ஓசூர்த் தம்பி சொல்லாத இன்னொன்று, சாதாரண சோலார் ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். மின்கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி இல்லாவிட்டால் வெயில் கொளுத்தும்போதும் ஃபேன் ஓடாது.

ஓசூர் வயர்மேன்:
அக்கா சொல்வது உண்மை. வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறையும். சித்திரையில் தர்மபுரி மாடியில் பேனல் 60 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போச்சு. ஓசூர் உயரத்தில் இருப்பதால் எங்களுக்குக் கொஞ்சம் லாபம். அடியில் காற்றோட்டம் இருக்கிற மாதிரி ஸ்டாண்டைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

மானாவாரி மணி:
எல்லாரும் பேனல் விற்கிறவர் மாதிரியே பேசுகிறீர்கள். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வீட்டுக்கு எதற்கு இந்தச் செலவு? நம் பக்கம் சோலார் உருப்படியாக வேலை செய்வது யானை வராமல் தடுக்கும் வேலியில்தான்.

ஓசூர் வயர்மேன்:
இலவச இணைப்புக்கு எழுதிவைத்துக் காத்திருக்கிறவரிடம் போய்ச் சொல்லுங்க மணி அண்ணா. அவருக்கு மானியத்தோடு சோலார் பம்ப் வந்தால் பயிர் பிழைக்கும். ஆனால் ஆயிரம் அடி போருக்கு அது ஈடு கொடுக்காது, ஆழம் பார்த்துத்தான் எழுதிக் கொடுக்கணும்.

பாலக்கோட்டு மாந்தோப்பு:
சரி, காற்றாடி வேண்டாம். 2 கிலோவாட், பேட்டரி இல்லாமல். தெற்குப் பக்கத்துப் புளியமரம் மதியம் மூணு மணிக்கு மேல் மாடியில் பாதியை மறைக்கும். கிளையைக் கழித்தால் போதுமா?

ஓசூர் வயர்மேன்:
கழித்தே ஆகணும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாகக் கோர்த்த மற்ற பேனல்களும் சுணங்கும்.

உடுமலைக் காற்று:
வெட்டுங்க. ஐப்பசி அடைமழையில் மீட்டரைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்க, பேசிக்கலாம்.

ஓசூர் வயர்மேன்:
ஐப்பசியில் உங்கள் காற்றாலை மட்டும் என்ன ஓடுதாம்?