டிசம்பர் 5: ஒரே தேதிக்கு நூறாண்டு வானிலைப் பதிவு எடுப்பது எப்படி?

பனிமூட்டம் கேட்டது:

வட அரைக்கோளத்து நிலையம் ஒன்றுக்கு டிசம்பர் 5 என்ற ஒற்றைத் தேதிக்கு மட்டும் அட்டவணை போட வேண்டும். சாதனை வெப்பம், சாதனைக் குளிர், சராசரி, மழை, பனிப்பொழிவு. ஒரு தளம் அந்தத் தேதியின் சாதனைக் குளிர் −18.3 டிகிரி செல்சியஸ் என்கிறது, இன்னொன்று −21.1 என்கிறது. நிலையத்தின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். எதை நம்புவது? மூலத் தரவிலிருந்து நேராக எடுத்தால் எங்கெங்கே சறுக்கும்?

மழைமானி:

இரண்டும் சரியாக இருக்கலாம். −18.3 என்பது −1 ஃபாரன்ஹீட், −21.1 என்பது −6 ஃபாரன்ஹீட். பழைய முழு எண் ஃபாரன்ஹீட் பதிவை மாற்றி எழுதியவை போலத்தான் இருக்கின்றன. தொடர் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கும். பல நகரங்களில் நிலையம் முதலில் ஊர் நடுவே கட்டட மாடியில் இருந்துவிட்டு, பிறகு விமான நிலையத்துக்குப் போயிருக்கும். ஒரு தளம் விமான நிலையத்துப் பதிவை மட்டும் எடுக்கும், மற்றது இரண்டையும் ஒட்டி ஒரே தொடராக்கும். நிலைய வரலாற்றில் இடமும் உயரமும் கருவியும் மாறிய தேதிகளைப் பாருங்கள். ஒட்டிய தொடரைப் பயன்படுத்தலாம், அட்டவணைக்குக் கீழே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூலத் தரவுக்கு அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் தகவல் மையமான என்சிஇஐ வைத்திருக்கும் ஜிஹெச்சிஎன்-டெய்லி (உலக நிலையங்களின் தினசரித் தரவுத் தொகுப்பு) போதும். அதன் டிஎல்ஒய் கோப்பில் ஒரு வரி என்பது ஒரு மாதம், 269 எழுத்து. முதல் 21 எழுத்தில் நிலைய எண், ஆண்டு, மாதம், அளவின் பெயர். அதன்பின் நாளுக்கு 8 எழுத்து: மதிப்புக்கு 5, குறிகளுக்கு 3. ஆக 5ஆம் தேதியின் மதிப்பு 54 முதல் 58 வரை. டிமேக்ஸ் (அதிகபட்ச வெப்பம்), டிமின் (குறைந்தபட்ச வெப்பம்), பிஆர்சிபி (மழை) மூன்றும் பத்தில் ஒரு பங்கு அலகில் இருக்கும்; −183 என்றால் −18.3. ஆனால் பனிப்பொழிவும் பனி ஆழமும் முழு மில்லிமீட்டர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பத்தால் வகுத்தால் 120 மி.மீ. பனி 12 ஆகிவிடும், யார் கண்ணிலும் படாது.

−9999 என்றால் பதிவு இல்லை. அதை நீக்க மறந்தால் குளிர் −999.9 என்று வந்து தானே காட்டிக்கொடுக்கும். அதைச் சுழியமாக மாற்றிவிடுவதுதான் மோசம்.

தேதியை மாதம், நாள் என்று வடிகட்டுங்கள். ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எடுத்தால் டிசம்பர் 5 சாதாரண ஆண்டில் 339, லீப் ஆண்டில் 340.

தரக்குறி (தரச் சோதனையில் சந்தேகம் எழுந்ததைக் காட்டும் குறி) விழுந்த மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிவிடாதீர்கள். உண்மையான உச்சங்களும் சில சமயம் சந்தேகக் குறியோடுதான் இருக்கும். அதே நாளில் பக்கத்து நிலையங்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

கூண்டு வெப்பமானி:

மேலே சொன்னதில் விட்டுப்போனது, பதிவு எடுத்த நேரம். குளிர்காலச் சாதனைகளில் பாதிக் குழப்பம் இங்கேதான்.

பார்வையாளர் காலை 7 மணிக்கு வெப்பமானியைப் படித்து எழுதும் நிலையத்தில், 5ஆம் தேதியில் இருக்கும் அதிகபட்சம் பெரும்பாலும் 4ஆம் தேதி பிற்பகலுடையது. மழையும் அப்படியே. இன்னொன்று: கடுங்குளிர்க் காலை 7 மணிக்குக் கருவியை மீட்டமைத்தால், அடுத்த 24 மணி நேரக் கணக்கே அந்தக் குளிரில்தான் தொடங்கும். மறுநாள் காலை கதகதப்பாக இருந்தாலும் மறுநாளின் குறைந்தபட்சமாக அந்தக் குளிரே ஏறும். ஒரே குளிர் இரண்டு தேதிகளில். மாலை நேர வாசிப்பில் இதே கோளாறு வெப்பத்துக்கு வரும்.

நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடும் நிலையத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. குளிர்முகம் (முன்னேறிவரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) விடியலுக்கு முன்னால் கடந்துபோனால் அன்றைய அதிகபட்சம் 00:10 மணிக்குப் பதிவாகி 14 டிகிரி என்றிருக்கும். நண்பகலில் 3தான் இருந்திருக்கும். விதிப்படி அது சரியான பதிவு. ‘அன்று பகல் எப்படி இருந்தது’ என்று வாசகருக்குச் சொல்ல வேண்டுமானால் மணிவாரித் தரவையும் பாருங்கள்.

பனிமூட்டம்:

நன்றி. சராசரிக்கு 1991–2020 மட்டும் எடுத்தேன். 4ஆம் தேதி, 5, 6 மூன்றுக்கும் சராசரி ஏறி இறங்குகிறது. சுற்றியுள்ள 15 நாளையும் சேர்த்துவிடலாமா?

மழைமானி:

சராசரிக்குச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். தினசரி வெப்பத்தின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 5 டிகிரி என்றால், 30 மதிப்பின் சராசரியில் மட்டுமே ஏறக்குறைய 0.9 டிகிரி தடுமாற்றம் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு வானிலைக் காரணம் தேட வேண்டாம்.

சாதனைக்கோ சதமானத்துக்கோ அப்படியே சேர்க்காதீர்கள். குளிர்காலத் தொடக்கத்தில் சராசரி சரிந்துகொண்டே இருக்கும். நாளுக்கு 0.2 டிகிரி என்று வைத்தால் 15 நாள் சாளரத்தின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் 2.8 டிகிரி இடைவெளி. வெப்ப உச்சமெல்லாம் நவம்பர் 28 பக்கமிருந்தும், குளிர் உச்சமெல்லாம் டிசம்பர் 12 பக்கமிருந்தும் வரும். ஒவ்வொரு நாளிலிருந்தும் அந்தந்த நாளின் மென்மையாக்கிய சராசரியைக் கழித்து, விலகலை மட்டும் ஒப்பிடுங்கள். சாதனை என்ற நிரலில் 5ஆம் தேதி மட்டுமே.

சாதனையைப் பெரிதாக எழுதும் முன் ஒரு கணக்கு: காலநிலை மாறாத தொடரில் n ஆம் ஆண்டு புதுச் சாதனை வரும் வாய்ப்பு 1/n. நூறாண்டுத் தொடரில் ஒரு தேதிக்கு நூற்றில் ஒன்று. ஆனால் 365 தேதிக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு மூன்று நான்கு வெப்பச் சாதனை சும்மாவே வரும். முழு ஃபாரன்ஹீட்டில் எழுதிய பழைய மதிப்பை 0.1 டிகிரியில் ‘முறியடித்தது’ என்றும் எழுத வேண்டாம். சமன் என்று போடுங்கள்.

வெண்பொழிவு:

பனிப்பொழிவு நிரலைப் பற்றி யாரும் பேசவில்லையே. புதுப்பனியைப் பலகையில் நாளுக்கு ஒருமுறை அளந்த காலத்தையும், 6 மணிக்கு ஒருமுறை அளந்து கூட்டிய காலத்தையும் ஒப்பிடக் கூடாது. பனி படிந்து அமுங்கும், அதனால் இரண்டாவது முறையில் கூட்டுத்தொகை அதிகமாகவே வரும். ‘டி’ குறி இருந்தால் அளக்க முடியாத துளி என்று அர்த்தம்: கூட்டும்போது சுழியம், ‘பனி பெய்த நாள்’ எண்ணும்போது கணக்கில் உண்டு. மழைமானியில் உருக்கி அளந்த நீரும் காற்று நாளில் குறைவாகத்தான் சிக்கும்.

நிலையம் இல்லாத இடத்துக்கு ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வை (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு சேர்த்து உலகம் முழுதுக்கும் கட்டம் கட்டமாகக் கணக்கிட்ட வானிலைத் தரவு) எடுப்பவர்கள் கவனிக்க: 1940 முதல் மணிவாரியாக இருக்கிறது, ஆனால் ஒரு கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். பள்ளத்தாக்கில் இரவு தேங்கும் குளிர்காற்று அதில் தெரியாது. கி.மீ.க்கு 6.5 டிகிரி என்று உயரத் திருத்தம் போட்டால் அப்படிப்பட்ட இரவில் தவறு இன்னும் கூடும், ஏனென்றால் அப்போது மேலேதான் வெப்பம். பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாதனை நிரலில் அதை ஏற்றாதீர்கள்.