சொலிட் மெக்கானிக்ஸ் படித்தவர்கள் திருகோணமலையில் யாரைச் சந்தித்தீர்கள்?

உப்புவெளியிலிருந்து

சொலிட் மெக்கானிக்ஸ் படித்தவரை ஊரில் ஒரு கேள்வி விடாது: "அதைப் படிச்சு இஞ்ச என்ன செய்யப் போறீர்?" பாலம் கட்டினால் சிவில், எஞ்சின் திருத்தினால் மெக்கானிக்கல். இரும்பு ஏன் வளைகிறது, எங்கே வெடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் திருமலையில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கும். வளைந்த இரும்பும் முறிந்த இரும்பும் இந்த ஊரில் கொஞ்சமா கிடக்கிறது?

ஸ்கொலர்ஷிப் விசாரணை, சீவி திருத்தம் எல்லாம் இங்கே வேண்டாம். இந்தத் துறைக்குள் உங்களை இழுத்த, அல்லது துறையையே வேறு மாதிரிக் காட்டிய ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். லீவில் வந்து கடற்கரையில் நின்றபோது ஒரு வயதான சுழியோடியோடு பேச்சுக் கொடுத்தேன். இப்போது வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றி இறக்குகிறார். நான் படிப்பதைக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கட சாமான் ஒண்டு துறைமுகத்துக்குள்ள கிடக்கு தம்பி, ஜப்பான்காரன் குண்டு போட்டு முறிச்ச தொக்" என்றார். அவர் சொன்னது பிரித்தானியக் கடற்படையின் மிதக்கும் தொக், அதாவது கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் திருத்துகிற மேடை. குண்டு எதுவும் அதை முறிக்கவில்லை. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி வேலியன்ட் என்ற போர்க்கப்பலை அதற்குள் ஏற்றி, தொக்கின் தொட்டிகளிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்து உயர்த்திக்கொண்டிருந்தார்கள். கப்பல் நிறைய வெடிமருந்து. இறைத்த ஒழுங்கு கப்பலின் பாரம் பரவியிருந்த விதத்துக்குப் பொருந்தவில்லை. தொக் வளைந்து, நடு முறிந்து, தாண்டது. கப்பல் தப்பியது, ஆனால் உள்பக்கத்து இரண்டு காற்றாடியும் சுக்கான்களும் இறுகிப்போயின.

இரண்டாம் வருடத்தில் நாம் எல்லோரும் கீறிய படம்தான் இது. போர்க்கப்பலில் பீரங்கியும் எஞ்சினும் வெடிமருந்தும் இருக்கிற இடத்தில் பாரம் அதிகம், இரண்டு முனையிலும் குறைவு. தொக்கில் எந்தத் தொட்டியை வெறுமையாக்குகிறோமோ அந்த இடத்தில் மேலே தள்ளும் விசை கூடும். இடத்துக்கு இடம் இரண்டும் சமப்படாவிட்டால், அந்த வித்தியாசத்தை ஒருமுறை தொகையிட்டால் வெட்டு விசை, இன்னொருமுறை தொகையிட்டால் பெண்டிங் மோமென்ட், அதாவது தொக்கை வளைக்கப் பார்க்கும் அளவு. மொத்தக் கூட்டல் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை. மிதக்கும், ஆனால் முறியும்.

மணலில் குச்சியால் கீறிக் காட்டினேன். குனிந்து பார்த்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "அப்ப தண்ணி இறைச்சவன்தான் குண்டு."

எந்த விரிவுரையிலும் இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

கட்டாரிலிருந்து, பிறந்தது சீனக்குடா

எண்ணெய்த் தொட்டி பரிசோதனைதான் என் வேலை. இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு தூத்துக்குடிக்காரர். முதல் நாள் ஊர் கேட்டார். திருகோணமலை என்றதும், "அட, அந்த ரிவெட் டேங்கெல்லாம் இன்னும் நிக்குதா?" என்றார். வீட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அவற்றில் ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) இருப்பதே அன்றுதான் தெரியும்.

அவர் சொல்லித் தந்தது: தொட்டிக்குப் போனால் உடனே படி ஏறாதே, அடித்தகட்டைச் சுற்றி நட. சுவரைக் கிழிக்கப் பார்க்கும் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் உள்விசை) அடியில்தான் அதிகம், ஏனென்றால் அமுக்கம் ஆழத்தோடு கூடுகிறது. உதாரணத்துக்கு 18 மீற்றர் ஆரை, 12 மீற்றர் உயரம், முழுக்கத் தண்ணீர் என்று வையுங்கள். அடியில் அமுக்கம் ஏறத்தாழ 118 கிலோபஸ்கால். அதை ஆரையால் பெருக்கித் தகட்டின் தடிப்பால் பிரித்தால், 20 மில்லிமீற்றர் தகட்டில் 106 மெகாபஸ்கால் வரும். துரு தின்று 14 ஆனால் 151. எண்ணெய் கூடவில்லை, தொட்டி வளரவில்லை, உப்புக்காற்று மட்டும் வேலை செய்திருக்கிறது. தண்ணீரை வைத்துக் கணக்குப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு: அது எண்ணெயைவிடப் பாரம், சோதனைக்கு நிரப்புவதும் அதைத்தான்.

தடிப்பு அளப்பது வெளியிலிருந்து பார்க்கச் சின்ன வேலை. துருவைச் சுரண்டி, பளபளப்பு வந்ததும் ஜெல் தடவி, ஒலியை அனுப்பி வாங்குகிற, விரல் தடிப்புள்ள புரோபை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒலி உருக்குக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 5,900 மீற்றர் வேகத்தில் போய்த் திரும்புகிற நேரத்தை வைத்து எண் வரும். எண் நின்றால் சரி. துள்ளினால் பின்பக்கம் குழி விழுந்திருக்கலாம், தகட்டுக்குள்ளேயே படை பிரிந்திருக்கலாம், அல்லது உங்கள் கை நடுங்கலாம். எது என்று தெரிவதற்குத்தான் சம்பளம்.

ரிவெட்டைப் பழசு என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஒரு தகட்டில் ஓடுகிற வெடிப்பு அந்தத் தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்ட் பண்ணினால் எல்லாம் ஒரே உடம்பு, வெடிப்புக்கும் ஒரே பாதை. தொக் முறிந்ததற்கு முந்திய வருடம், 1943 ஜனவரியில், அமெரிக்காவில் ஸ்கெனக்டடி என்ற புத்தம்புதிய வெல்டிங் கப்பல் கரையில் கட்டியிருந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. அலைகூட இல்லை.

சீனக்குடாத் தொட்டிகள் 99. 2022 ஒப்பந்தத்தில் 14 இந்தியன் ஒயிலின் லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அரசியலை விடுங்கள், அது இங்கே பேசினால் விடியாது. மூடிக்கிடந்த தொட்டியை மறுபடி பாவிக்க வேண்டுமென்றால் யாராவது ஏறி அளக்க வேண்டும், அடித்தளம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான ஏபிஐ 653 சான்றிதழ் (எண்ணெய்த் தொட்டி பரிசோதகருக்கானது) உள்ள ஊர்ப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறோம்.

மட்டக்களப்பிலிருந்து

எங்கள் பக்கம் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் தாண்டு கிடக்கிறதே! 1942 ஏப்ரல் 9, திருமலையில் குண்டு விழுந்த அதே நாள்.

உப்புவெளியிலிருந்து

அது உண்மையாகவே குண்டுதான் அண்ணா. வரலாற்றுக்காரரிடம் விடுவோம்.

பேராதனையிலிருந்து, வீடு லிங்கநகர்

நான் ஆராய்ச்சி மாணவி, தலைப்பு உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வரும் பாரத்தால் உலோகத்தில் வெடிப்பு வருவது. வீட்டில் அம்மா அதை "இரும்புக்குக் களைப்பு வருமாம்" என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். போகட்டும்.

கண்டி வீதியில் ஒரு வெல்டிங் கடை. மாமாவின் பஸ் செசியில் வெடிப்பு என்று அங்கே போனோம். பாஸ் முதலில் வெல்டிங் மெஷினைத் தொடவில்லை. மண்ணெண்ணெயால் துடைத்தார், சோக்கட்டியைத் தேய்த்தார், எஞ்சினைப் போட்டு அதிர விட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்கு மேல் மெல்லிய கறுப்புக் கோடு ஊறி வந்தது. கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பைவிட அந்தக் கோடு ஒரு விரலளவு நீளம். நாங்கள் ஆய்வுகூடத்தில் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பும் வாங்கிச் செய்கிற அதே சோதனை! பிறகு கோடு முடிகிற இடத்தில் துளை போட்டார். அப்புறம்தான் வெல்டிங்.

"ஏன் பாஸ் துளை?" என்றேன்.

"போடாட்டி வெல்டுக்குப் பக்கத்தால திரும்ப ஓடும் மகள்."

இதற்குக் கணக்குப் போட்டவர் பிரித்தானியப் பொறியியலாளர் இங்லிஸ், 1913இல். வெடிப்பின் பாதி நீளம் 20 மில்லிமீற்றர், நுனியின் ஆரை 0.05 மில்லிமீற்றர் என்றால், நுனியில் தகைப்பு சாதாரணத்தைப்போல 41 மடங்கு. அங்கே 5 மில்லிமீற்றர் ஆரையில் துளை போட்டால் 5, 6 மடங்குக்கு இறங்கிவிடும். ஆனால் துளை நுனிக்கு முன்னாலேயே விழுந்தால் பலனில்லை, நுனி அப்பால் உயிரோடு இருக்கும். பாஸ் சோக்கட்டி தேய்த்தது அதற்காகத்தான்.

பழுதான துண்டு ஒன்று கேட்டேன். வெட்டித் தந்தார். முறிந்த முகத்தில் வளையம் வளையமாக வரிகள், ஒரு வெல்டிங் தழும்பிலிருந்து தொடங்கி விரிகின்றன. அது இப்போது எங்கள் ஆய்வுகூட மேசையில், என் மேற்பார்வையாளருக்கு மிகப் பிடித்த மாதிரி. இணையத்தில் இறக்கிய படங்களை வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்த இடத்தில் 49ஆம் இலக்க பஸ்ஸின் செசி வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு மனக்குறையும் உண்டு. பயிற்சிக்கு ஒரு நிறுவனத்தில் கேட்டபோது, "பொம்பிளைப் பிள்ளைக்கு உயரத்தில் ஏற முடியுமா" என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடினார்கள். கோணேசர் மலை ஏறி வளர்ந்தவளிடம்!

கிண்ணியாவிலிருந்து

இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். பாதையில், அதாவது மிதவைப் படகில் ஏறி, களப்பைக் கடந்து வகுப்புக்குப் போன தலைமுறை நாங்கள். 2009இல் பாலம் வந்தது, 396 மீற்றர். அதில் வேலை செய்த நானா ஒருவர்தான் மூட்டுகளைக் காட்டித் தந்தார். மோட்டார்சைக்கிளில் போகும்போது "தடக், தடக்" என்று கேட்கிறதே, அந்த இடைவெளிகள்தான். கொங்கிரீட் பாகைக்கு ஒரு மீற்றரில் நூறில் ஒரு மில்லிமீற்றர் அளவில் நீளும். 15 பாகை ஏறினால் முழுப் பாலத்துக்கும் 6 சென்ரிமீற்றர். இடைவெளி இல்லாவிட்டால் அந்த நீட்சி எங்கே போகும் என்று பிள்ளைகளைக் கேட்பேன். "தகைப்பாகப் போகும் சேர்" என்று ஒருத்தி சொன்னாள். அவள் இப்போது மொறட்டுவையில்.

நிலாவெளியிலிருந்து

மண்ணும் திண்மம்தானே, அதனால் நானும் எழுதலாம். ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் எங்களுக்கு அயல். அவர் வீட்டில்தான் பேராசிரியர் அழகையா துரைராஜா என்ற பெயரை முதலில் கேட்டேன். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து 1963இல் களிமண் எப்போது நெகிழ்கிறது என்பது பற்றி எழுதிய கட்டுரை, இன்றைக்கு உலகமெங்கும் பாவிக்கிற கேம் களிமண் (Cam clay) என்ற கணித மாதிரியின் வேர்களில் ஒன்று. பிறகு பேராதனையில் படிப்பித்தார், போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். நான் ஜேர்மனியில் முதுகலை செய்தபோது ஒரு விரிவுரையாளர் பலகையில் அந்த மூன்று பெயரையும் எழுதினார். மூன்றாவதை எழுதிவிட்டு உச்சரிக்கத் தடுமாறினார். கையைத் தூக்கிச் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது, எனக்கு அன்றைக்கு வேறெதுவும் ஏறவில்லை.

பட்டம் முடித்துத் திரும்பி வந்து ஒரு இடத்தில் நேர்முகத் தேர்வு. "ஃபைனைட் எலிமென்ட் எல்லாம் சரி, சைட்டில் மேசன்மாரைச் சமாளிப்பீரா?" என்றார்கள். (ஃபைனைட் எலிமென்ட் என்பது பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை.) சமாளிப்பேன் என்றேன், அந்த வேலைதான் இன்றுவரை. ஆராய்ச்சி இரவில், சொந்த மடிக்கணினியில்.

திருமலை வளாக மாணவன்

எங்கள் வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை, நான் பௌதிக விஞ்ஞானம். நிலாவெளி அண்ணா, மடிக்கணினியில் என்ன மென்பொருள்? அபாகஸ் மாணவர் பதிப்பு 1,000 கணுவோடு (கணக்கு வலையின் முடிச்சுப் புள்ளிகள்) நின்றுவிடுகிறதே.

நிலாவெளியிலிருந்து

கல்குலிக்ஸ், தம்பி. இலவசம், அபாகஸ் கோப்பு எழுதத் தெரிந்தால் இதற்கும் ஏறக்குறைய அதே நடை. முதலில் நடுவில் துளையுள்ள தகடு ஒன்றை இழுத்துப் பாரும். அகலமான தகடென்றால் துளையின் ஓரத்தில் தகைப்பு 3 மடங்கு வர வேண்டும், 1898இல் கிர்ஷ் என்ற பொறியியலாளர் கண்ட விடை. வராவிட்டால் துளையைச் சுற்றி வலையை நெருக்கும். சனிக்கிழமை பின்னேரம் வளாகத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு வந்தால் கோப்பைத் தருகிறேன். லிங்கநகர்த் தங்கச்சியும் லீவில் நின்றால் பஸ் துண்டைக் கொண்டு வரட்டும், எனக்கும் அந்த வரிகளைப் பார்க்க வேண்டும்.

பேராதனையிலிருந்து, வீடு லிங்கநகர்

துண்டை மேற்பார்வையாளர் விடமாட்டார். பாஸிடம் இன்னொன்று கேட்டு வருகிறேன், போன கிழமை ஒரு டிப்பர் வந்து நின்றது.