பெரியவீட்டுச் சொந்தங்கள்: காதுகுத்துத் தேதி

(வாட்ஸ்அப் குழு, 23 பேர்)

செவ்வாய், பிப்ரவரி 17

ரேவதி அக்கா (காலை 6:14): எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு மார்ச் 1 ஞாயித்துக்கிழமை காதுகுத்து. குலசாமி கோயில்ல. நாளைக்குப் பத்திரிகை அச்சுக்குக் குடுக்கணும். பேரு விட்டுப்போச்சுன்னு பின்னாடி யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

சேகர் அண்ணன் கத்தார்: 25 வந்துருவேன். 12 நாள்தான் லீவு. 8ஆம் தேதி ஃபிளைட்டு

சித்தப்பா: சூப்பர்

சித்தப்பா: கெடா எத்தனை

தங்கச்சிமடம் அத்தை: உன் கல்யாணப் பத்திரிகையில எம் பேரை எங்க போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கு. அச்சகத்துக்காரன் பேருக்கு மேல.

குமார் மச்சான்: 🙏🙏

அம்மா: [குரல் பதிவு 0:11]

ரேவதி அக்கா: ஒண்ணும் கேக்கல. காத்துதான் இரையுது

மலர்: கரையில நிக்கிறாங்க. கடல்பாசி எடுக்கப் போற வல்லம் கிளம்புது. "ஒண்ணாந்தேதி வேணாம், வந்து பேசுறேன்"னு சொல்றாங்க

சேகர் அண்ணன் கத்தார்: ஏனாம்

மலர்: தெரியல. ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க

வாத்தியார் பெரியப்பா மதுரை: அனைவருக்கும் காலை வணக்கம். பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன். மார்ச் 1 வளர்பிறை திரயோதசி, மிகவும் உசிதமான நாள். மார்ச் 3 பௌர்ணமி, அன்று சந்திர கிரகணம் என்பதால் அதைத் தவிர்க்கவும். மேலும் ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும் நாட்கள். சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரை திரும்பும். ஆகவே அன்று மீனும் தாராளமாகக் கிடைக்கும். ஆக, எல்லா வகையிலும் ஞாயிறே சரி.

சித்தப்பா: காதுகுத்துக்கு மீனாண்ணே

குமார் மச்சான்: எங்க வீட்லயும் ஞாயிறுதான் சௌகரியம்

ரேவதி அக்கா: அப்ப 1 உறுதி

தங்கச்சிமடம் அத்தை: சேகரு எனக்கு அந்தப் பச்சைத் தைலம் ரெண்டு

சித்தப்பா: எனக்கும்

சேகர் அண்ணன் கத்தார்: லிஸ்ட் தனியா அனுப்புங்க, இங்க வேணாம்

அம்மா (பிற்பகல் 2:46): [குரல் பதிவு 2:31]

தங்கச்சிமடம் அத்தை: எனக்கு ஓட மாட்டேங்குது. எழுதிப் போடு மலரு

மலர்: அம்மா சொன்னது அப்டியே போடுறேன். "நான் இல்லாதப்ப முடிவு பண்ணிட்டு உறுதின்னா என்ன அர்த்தம்? 28ல இருந்து 5ஆம் தேதி வரைக்கும் பௌர்ணமிப் பாசி. மாசத்துல அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு, இந்தப் பன்னெண்டு நாளுதான் எங்களுக்குக் கடலு. மத்த நாளு அது வளரட்டும்னு நாங்களா கூடிப் பேசி வச்சது. யாரும் வந்து சொல்லல. ஒண்ணாந்தேதி ஊர்ப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ள இருப்பாளுக. காதுகுத்துக்கு யாரு வருவா? மாப்பிள்ள வீட்டாளுக மட்டும் சாப்பிட்டுப் போகட்டும்னா வைங்க. அப்புறம் எங்க வல்லத்துல ஏழு பேரு. நான் நின்னா என் பங்கு வாடகையை மத்த ஆறு பேரு தலையில கட்டணும்."

சேகர் அண்ணன் கத்தார்: அன்னைக்குக் காச நான் தர்றேன்மா

மலர்: அம்மா: "காசுக்கா நான் பேசுறேன்?"

தங்கச்சிமடம் அத்தை: அந்த ஒரு நாளுக்குப் பதிலா 10ஆம் தேதி போயிக்கங்க மதினி. யாரு பாக்கப் போறா

மலர்: அம்மா ஃபோனை வச்சிட்டாங்க

மலர்: திரும்ப எடுத்துட்டாங்க. "கூட்டத்துல மொத ஆளா கையத் தூக்குனது நானு. போன வருசம் வேற நாள்ல போன ரெண்டு புள்ளைக மூட்டையைக் கரையில எடுத்து வச்சதும் நானு. இப்ப நானே போனா மூஞ்சிய எங்க வச்சிக்கிறது"

ரேவதி அக்கா: சரிம்மா சரிம்மா

வாத்தியார் பெரியப்பா மதுரை: இது குறித்துச் சில தகவல்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியில் இருந்து பாம்பன் வரை 21 தீவுகள். தீவுக்குள் கால் வைக்கக்கூடாது என்று வந்தபிறகு பாசி எடுக்கும் பெண்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. அந்தச் சூழலில்தான் 12 நாள் மட்டும், இரும்புக் கரண்டி இல்லாமல் கையால் மட்டும், மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் முழு ஓய்வு என்று அவர்களே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி 2015இல் அமெரிக்கா வரை சென்று சீகாலஜி என்ற கடல் பாதுகாப்பு அமைப்பின் பரிசு பெற்றது இதற்காகத்தான். ஆகவே தங்கச்சி சொல்வதில் நியாயம் உள்ளது. பவளப்பாறையைப் பாதுகாப்பது நம் கடமை.

சித்தப்பா: காலையில எல்லா வகையிலும் ஞாயிறே சரின்னீங்க

சித்தப்பா: பவளப்பாறையப் பத்தி இந்த வீட்ல இருந்துக்கிட்டுப் பேசாதீங்க. அய்யா பவளக்கல்லு வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏத்துன காசுல கட்டுன வீடு

வாத்தியார் பெரியப்பா மதுரை: அப்போது அது குற்றமில்லை தம்பி. எல்லோரும் வெட்டினார்கள். அப்படி வெட்டித்தான் பூவரசன்பட்டித் தீவும் விலங்குச்சல்லித் தீவும் தண்ணிக்குள் போயின.

சித்தப்பா: அந்தக் காசுலதான நீங்க பி.எட். படிச்சீங்க. நான் வல்லத்துக்குப் போனேன்

தங்கச்சிமடம் அத்தை: ஆரம்பிச்சுட்டாங்க

ரேவதி அக்கா: தேதி 😭

மலர்: சித்தப்பா, நடுவுல ஒண்ணு. தடைக்கால நிவாரணத்துக்குப் பேர் சரிபாக்குறாங்களாம். உங்க அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க

குமார் மச்சான்: எந்த அட்டை 😂

சேகர் அண்ணன் கத்தார்: 😂😂😂

தங்கச்சிமடம் அத்தை: காய வச்சதா காயாததா

சித்தப்பா: அந்த வழக்கு முடிஞ்சு எத்தனை வருசம் ஆச்சு. இன்னும் விட மாட்டீங்களா

வாத்தியார் பெரியப்பா மதுரை: கடல் அட்டையை 2001லேயே வனவிலங்குச் சட்டம் அட்டவணை 1இல் சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகும் பிடித்தால்?

மலர்: அட்டை கடலுக்கு மண்புழு மாதிரி சித்தப்பா. மண்ணைத் தின்னு சுத்தமாக்கி வெளிய விடும்

சித்தப்பா: அது எனக்குத் தெரியும்மா. உனக்குக் காலேஜ்ல சொன்னாங்க, நான் கையில புடிச்சுப் பாத்தவன்

சித்தப்பா: நிவாரணம் 8000 தானே? மீனவர் அட்டைதானே வேணும்?

மலர்: ஆமா. ரெண்டு பக்கமும்

வாத்தியார் பெரியப்பா மதுரை: பலமுறை அனுப்பப்பட்டது: வளமாவூரில் 127 கோடியில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா! தங்கச்சி, இனி முங்கி எடுக்கவே தேவையில்லை. மூங்கில் மிதவை கட்டி வளர்க்கலாம்.

மலர்: அம்மா: "மிதவையும் கட்டிப் பாத்தாச்சு அண்ணே. பெப்சிக் கம்பெனி கொண்டாந்த பெப்சிப் பாசி. நல்லாத்தான் காசு வந்துச்சு. அப்புறம் தண்ணி சூடாகி வெளிறிப்போயி அத்துக்கிட்டு ஓடுச்சு. குருசடைத் தீவுல கல்லு மேல போயி ஏறிக்கிட்டதை வனத்துறை ஆளுங்க பிச்சுப் பிச்சுப் போட்டாங்க. நாங்க முங்கி எடுக்குற மரிக்கொழுந்துப் பாசி அப்டியில்ல. அடியில ஒட்டியிருக்கிறத விட்டு மேல கிள்ளுனா அதே எடத்துல திரும்ப வரும். நம்ம எடுக்காம இருக்கணும், அம்புட்டுத்தான்"

மலர்: இன்னொண்ணும் சொன்னாங்க. சேகர் அண்ணா, முங்குற கண்ணாடி ஒண்ணு. போன தடவ வாங்கிட்டு வந்தது வாரு அறுந்துருச்சு. துணி வச்சுக் கட்டியிருக்காங்க

சேகர் அண்ணன் கத்தார்: ஏன் முன்னாடியே சொல்லல

மலர்: நீ கேக்கல

ரேவதி அக்கா: தேதி!! 6ஆம் தேதி வெள்ளி வைப்போமா? பாசி 5 முடிஞ்சிரும்ல

தங்கச்சிமடம் அத்தை: தேய்பிறை

வாத்தியார் பெரியப்பா மதுரை: தேய்பிறை பஞ்சமி வரை வளர்பிறைக் கணக்குத்தான். 6 திருதியை. தாராளமாக வைக்கலாம்.

சித்தப்பா: வெள்ளிக்கிழமை கெடா வெட்டுவாகளா?

குமார் மச்சான்: எங்க அம்மா சனியும் கவிச்சி சாப்பிட மாட்டாங்க

சேகர் அண்ணன் கத்தார்: சனிக்கிழமை வேணாம், மறுநா ஃபிளைட்டு. மதுரைக்கு வந்து ஏறணும்

தங்கச்சிமடம் அத்தை: பேசாம தடைக்காலத்துல வைங்க. பாசியும் கிடையாது, போட்டும் போகாது. ஏப்ரல் 15க்கு மேல எல்லாரும் சும்மாதான் இருப்போம்

ரேவதி அக்கா: தாய்மாமன் மடி இல்லாம எப்டி அத்தை

சித்தப்பா: நான் உக்காந்துக்கிறேன்

ரேவதி அக்கா: நீங்க தாத்தா முறை 🤦‍♀️

மலர்: அம்மா: "வெள்ளிக்கிழமை சாம்பார் வச்சு காதக் குத்துவோம். கெடா தடைக்காலத்துல தனியா வெட்டிக்கலாம்"

சித்தப்பா: கெடா இல்லாத காதுகுத்து எந்த ஊர்ல நடந்துச்சு

குமார் மச்சான்: வீட்ல கேட்டுச் சொல்றேன்

புதன், பிப்ரவரி 18

ரேவதி அக்கா (காலை 9:40): அச்சகத்துல இருந்து கூப்பிடுறாங்க. வெள்ளின்னு சொல்லிரவா?

ரேவதி அக்கா: யாராவது

சேகர் அண்ணன் கத்தார்: அம்மாட்ட கேளு

மலர்: கடலுக்குப் போயிட்டாங்க. ரெண்டு மணிக்குத்தான்

குமார் மச்சான்: எங்க அம்மா இன்னும் ஞாயிறுன்னேதான் சொல்லிட்டு இருக்காங்க

தங்கச்சிமடம் அத்தை: எம் பேரு மட்டும் மேல வரட்டும்

சித்தப்பா: [படம்]

மலர்: சித்தப்பா இது ரேஷன் அட்டை