சித்தப்பாவின் கடைவாய்ப் பல்

மாடிவீட்டுச் சொந்தங்கள் குழு, வியாழன் இரவு

சித்தப்பா: நேத்து வலது கீழ கடைவாய்ப் பல்லு அடைச்சேன்ல. நாக்கு பட்டா மண்ணு மாதிரி நறநறங்குது. தானா சரியாயிருமா, ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு முன்னாடி போயி காட்டணுமா

பெரியத்தை: கிராம்பு எண்ணெய தொட்டு வைப்பா

சித்தப்பா: வலி இல்லக்கா. சொரசொரப்பு

குமார்: வேனுக்கு எத்தனை பேருன்னு இன்னும் யாரும் சொல்லல 🙏

மலர்: கிராம்பு எண்ணெய் வேணாம் அத்தை. ஈறு வெந்துரும். அதோட, மேல இன்னும் கொஞ்சம் வச்சு அடைக்க வேண்டி வந்தா அந்த எண்ணெய் அதை இறுக விடாது. சித்தப்பா, அடைச்சது பல்லு கலரா, வெள்ளியா? நீல லைட்டு காட்டுனாங்களா? கிராம்பு வாசம் வந்துச்சா?

சித்தப்பா: பல்லு கலர். லைட்டு காட்டுனாங்க. வாசம் இல்ல

மலர்: அப்ப காம்போசிட், பல்லு கலர் பிசின் அடைப்பு. லைட்டு பட்டதுமே இறுகிரும், மென்னு மென்னு வழவழப்பாகும்னு காத்திருக்க வேணாம். நாக்குக்குக் கடுகளவு மேடும் கல்லு மாதிரிதான் தெரியும். லேசான சொரசொரப்புன்னா ரெண்டு மூணு நாள்ல பழகிரும். ஆனா காபிக்கறையும் அழுக்கும் அதுல சீக்கிரம் படியும், பாலிஷ் போட்டுக்கிறது நல்லது. கிராம்பு வாசம் வந்திருந்தா தற்காலிக அடைப்பு. அது அப்படித்தான் இருக்கும், எப்படியும் எடுத்துட்டு வேற வைப்பாங்க

பெரியப்பா: யம்மா, பரீட்சை இருக்கா

சித்தப்பா: கடிச்சா அந்தப் பல்லுதான் முதல்ல முட்டுது

மலர்: இதையில்ல முதல்ல சொல்லணும்! சொரசொரப்பு வேற, மேடு வேற. வாய் மரத்திருக்கும்போது சரியா கடிச்சுக் காட்ட முடியாது, அதான் வீட்டுக்கு வந்தப்புறம் தெரியுது. விட்டு வச்சா பாரம் பூரா அந்தப் பல்லுமேல விழும். வேரைச் சுத்தி இருக்குற நார் நொந்துபோயி கடிச்சா வலி, பச்சத்தண்ணி பட்டா கூச்சம். கலர் காகிதம் வச்சு கடிக்கச் சொல்லுவாங்க. டக்டக்குன்னு கடிச்சதோட விட்டுராதீங்க, தாடையை இடம் வலமா நகத்தியும் அரைச்சுக் காட்டுங்க. மை அழுத்தமா பட்ட இடத்தை மட்டும் சீவிட்டு, டிஸ்க்கு, ரப்பர் முனை வச்சு பாலிஷ். 5, 10 நிமிஷ வேலை. ஊசி வேணாம், மரத்துட்டா மறுபடி இதே கதைதான்

பெரியப்பா: காசு?

மலர்: நேத்து அடைச்சதுக்கு பெரும்பாலும் கேக்க மாட்டாங்க. போன்லயே கேட்டுக்கங்க

சித்தி: மலரு, நகவெட்டி அரத்தை எடுத்துட்டு உங்க சித்தப்பா கண்ணாடி முன்னாடி நிக்கிறாரு

மலர்: ஐயோ புடுங்குங்க சித்தி!! பக்கத்து எனாமல் தேஞ்சா திரும்ப வளராது

குமார்: 😂😂

பெரியத்தை: எங்கப்பா கிராம்பு எண்ணெயிலயே எழுபது வயசு வரைக்கும் பல்லோட இருந்தாரு

பெரியப்பா: அவருக்கு ஐம்பதுலயே பல் செட்டு. அதுவும் மறந்துருச்சா, வீட்டுப் பத்திரம் மாதிரி

பெரியத்தை: பத்திரம் யார்கிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும்

குமார்: பெரியப்பா ப்ளீஸ். வேன். 14ஆ 15ஆ

மலர்: சித்தப்பா, பல்லு இடுக்குல ஃப்ளாஸ், அதான் பல்லு இடுக்கு சுத்தம் பண்ற நூலு, விட்டுப் பாருங்க. ஒரே இடத்துல மாட்டுனாலோ பிஞ்சு வந்தாலோ ஓரம் துருத்திட்டு இருக்கு. சோறு சிக்கி ஈறுல ரத்தம் வரும், அதையும் சொல்லிருங்க. நாக்கை அறுக்குதுன்னா மெடிக்கல்ல பல் கம்பிக்கு வைக்கிற மெழுகு கேளுங்க, உருட்டி மேல அமுக்கி வைக்கலாம், சாப்பிடும்போது எடுத்துரணும். புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுன்னு தண்ணி, அரை டீஸ்பூன் உப்பு, கொப்புளிங்க. சூடு பட்டு வலி போகாம நிக்குது, ராத்திரி தானா விண்ணுவிண்ணுங்குது, வீங்குதுன்னா அது நரம்பு. பாலிஷ்ல தீராது, அன்னிக்கே போகணும்

சித்தப்பா: சனி 11 மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. காசு வேணாமாம்

சித்தி: முறுக்கு திங்கலாமான்னு கேக்கச் சொல்றாரு 🤦

மலர்: சீவுறவரைக்கும் இடது பக்கம்

பெரியத்தை: முறுக்கு யாரு சுடுறா? போன தடவை மாதிரி கடையில வாங்கிட்டு வந்தா நான் வரல

குமார்: அப்ப 14தானா அத்தை?

பெரியப்பா: சனி 11க்கு தம்பி தேங்கா எடுக்க வர்றதால்ல பேச்சு?

சித்தப்பா: 👍

குமார்: எதுக்கு 👍 சித்தப்பா